பறந்துபோன கிளி, கிடைத்த கிளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ப்புக்கிளியைத் தொலைத்தவர்களும், யாருடையது என்றே தெரியாத கிளியைப் பிடித்து வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. முதல் ஆறு கேள்விகள் தொலைத்தவர்களுக்கு. ஏழிலிருந்து கண்டெடுத்தவர்களுக்கு. அதன்பின் இரண்டு தரப்பும் கலந்து வரும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கிளியைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் ஊருக்கு அறிவித்துவிடாதீர்கள். ஓர் அடையாளத்தையாவது உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய கிளி என்ற வழக்கு வந்தால் கடைசியில் தீர்த்துவைப்பது அந்த ஒன்றுதான்.

1. இப்பத்தான் ஜன்னல் வழியா பறந்து போச்சு. முதல்ல என்ன செய்யணும்?

கண்ணை எடுக்காதீர்கள். ஒருவர் கிளியைப் பார்த்தபடியே பின்னால் போகட்டும், இன்னொருவர் கூண்டை எடுத்து வரட்டும். எந்த மரம், எந்த மாடி, கடைசியாக எந்தத் திசை என்று தெரிந்திருந்தால் தேடும் வேலை பாதியாகக் குறையும். வீட்டுக்கிளிக்கு நீண்ட தூரம் பறந்து பழக்கமில்லை. முதலில் உட்காரும் இடத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். அப்போது எல்லோரும் கூடிக் கத்தினாலோ, கொம்பை எடுத்து ஆட்டினாலோ அடுத்த தாவல் எங்கே என்று சொல்ல முடியாது.

கூண்டை மொட்டை மாடியில் கதவு திறந்தபடி, வழக்கமான தீனிக் கிண்ணத்தோடு வையுங்கள். ஜோடிப்பறவை இருந்தால் அதைத் தனிக்கூண்டில், பூட்டி, நிழலில் பக்கத்தில் வையுங்கள். அதன் குரலைவிடப் பெரிய அழைப்பு கிடையாது. ஆனால் காக்கையும் பூனையும் வரும், பக்கத்தில் ஆள் இருந்தே ஆகவேண்டும்.

2. எவ்வளவு தூரம் போயிருக்கும்? எந்த நேரத்துல தேடினா கிடைக்கும்?

முதல் சில மணி நேரம் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். காற்றோ காக்கையோ விரட்டினால் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போகலாம். முதலில் 300 மீட்டர் சுற்றுவட்டாரத்தை ஒழுங்காகத் தேடிவிட்டுப் பிறகு விரியுங்கள். வண்டியில் ஊரைச் சுற்றுவது தேடியது போல் இருக்கும், பலன் குறைவு.

விடிந்ததிலிருந்து காலை எட்டு வரை, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை: கிளி குரல் கொடுக்கும் நேரம் இதுதான். நடுப்பகல் வெயிலில் வேப்பமரத்திலோ தூங்குமூஞ்சி மரத்திலோ இலைக்குள் ஒடுங்கிவிடும், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. ஒருமுறை கூப்பிடுங்கள், பிறகு இரண்டு நிமிடம் சத்தமே இல்லாமல் காது கொடுங்கள். கூப்பிட்டுக்கொண்டே நடப்பவருக்குப் பதில் கேட்காது. காக்கைகள் ஒரே மரத்தைச் சுற்றிக் கூட்டமாகக் கத்தினால் அங்கே ஓடுங்கள். புதுப்பறவையைச் சூழ்ந்து கொத்துவது அவற்றின் வழக்கம்.

3. மரத்து மேலதான் இருக்கு. கூப்பிட்டா பதிலும் குடுக்குது. ஆனா இறங்க மாட்டேங்குது. எங்க மேல கோபமா?

கோபம் இல்லை, இறங்கத் தெரியவில்லை. மேலே ஏறுவதற்குச் சிறகடித்தால் போதும். உயரத்திலிருந்து சரிவாக இறங்குவது தனி வித்தை. காட்டுக்கிளி குஞ்சாக இருக்கும்போதே அதைப் பழகிவிடும். அறைக்குள் வளர்ந்த கிளிக்கு அந்தப் பாடமே நடந்திருக்காது. அதனால் மரத்தின் அடியில் நேராக நின்று கூப்பிடாதீர்கள். செங்குத்தாக இறங்க அதற்குத் தைரியம் வராது. சற்றுத் தள்ளி, கிளிக்கு நேர் பார்வையில் படும் இடத்தில், முடிந்தால் பக்கத்து வீட்டு முதல் மாடியிலோ இரண்டாம் மாடியிலோ நில்லுங்கள். கிளி இருக்கும் உயரத்துக்கும் நீங்கள் நிற்கும் உயரத்துக்கும் வித்தியாசம் குறையக் குறைய அது வரும் வாய்ப்பு கூடும்.

பசிதான் அடுத்த துணை. அதற்கு மிகவும் பிடித்த ஒன்றை, சூரியகாந்தி விதையோ கொய்யாத் துண்டோ, கண்ணில் படும்படி நீங்களே மென்றுகாட்டுங்கள். தண்ணீர் பீய்ச்சுவது, வலை வீசுவது, மரமேறுபவரை ஏற்றுவது எல்லாம் கிளியை அடுத்த தெருவுக்கு அனுப்பும் வழிகள். இருட்டிவிட்டால் எந்தக் கிளையில் அடைந்தது என்று குறித்துவைத்துவிட்டு, விடிகாலை ஐந்து மணிக்கே, காக்கை எழும் முன், அதே இடத்துக்கு வந்துவிடுங்கள். மாஞ்சா நூலில் சிக்கித் தொங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. 101-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள்.

4. றெக்கையை வெட்டித்தானே விட்டிருந்தோம். எப்படிப் பறந்துச்சு?

வெட்டிய இறகு உதிர்ந்து புது இறகு முளைத்திருக்கும். இரண்டு மூன்று புது இறகு போதும், காக்டெயில் போன்ற லேசான பறவைக்கு எதிர்க்காற்றே தூக்கிக் கொடுத்துவிடும். வெட்டிய கிளி இன்னும் ஆபத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்: போக முடிகிறது, தப்பிக்க முடிவதில்லை. அப்படிப்பட்ட கிளியை உயரத்தில் தேடுவதோடு மதில் ஓரம், செடிப்புதர், நிறுத்திய கார்களின் அடி ஆகிய இடங்களிலும் பாருங்கள்.

5. போஸ்டர்ல என்ன போடணும்?

பெரிய படம் ஒன்று, நிறம், தொலைந்த தேதி, தெரு, செல்பேசி எண். இனத்தின் பெயரை எழுதும்போது கவனம் தேவை. நம் ஊரில் பட்ஜியையும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்றுதான் சொல்கிறோம். உண்மையான லவ் பேர்ட் குட்டை வாலும் தடித்த அலகும் கொண்ட ஆப்பிரிக்கப் பறவை, பட்ஜி நீள வாலுடைய ஆஸ்திரேலியப் பறவை. பெயரை மட்டும் எழுதினால் பார்ப்பவர் வேறு பறவையைத் தேடுவார். படம் பேசட்டும்.

போடக் கூடாதவை: கால் வளையத்தின் முழு எண், உடம்புக்குள் பொருத்தும் மைக்ரோசிப்பின் எண், கிளி பேசும் வார்த்தைகள், மச்சம், உடைந்த நகம் போன்ற தனி அடையாளங்கள். ‘வளையம் உண்டு’ என்பதோடு நிறுத்துங்கள். சன்மானத் தொகையையும் எழுத வேண்டாம், ‘தக்க சன்மானம்’ போதும். தொகை பெரிதாக இருந்தால் கிளியைவிட அழைப்புகள்தான் அதிகம் வரும்.

6. யார்கிட்ட எல்லாம் சொல்லி வைக்கணும்?

தலையைத் தூக்கிப் பார்க்கும் வேலை செய்பவர்களிடம்: அடுக்குமாடி வாட்ச்மேன், கேபிள்காரர், பெயின்ட் அடிப்பவர், இளநீர் வெட்டுபவர். நாள் முழுக்கத் தெருவில் நிற்கும் இஸ்திரி வண்டிக்காரரை விட்டுவிடாதீர்கள். மாடியில் புறா வளர்ப்பவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். பசித்த கிளி தானியமும் பறவைக் கூட்டமும் தெரியும் புறாக்கூண்டில்தான் பல நேரம் வந்து இறங்கும், அவர்களுக்கு அதைப் பிடிக்கவும் தெரியும்.

பறவைக் கடைகள், கால்நடை மருத்துவர்கள், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்கள் அடுத்து. சென்னையில் என்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிடித்த கிளியை விற்க நினைப்பவர் முதலில் போகும் இடம் சந்தைதான்.

7. எங்க பால்கனியில ஒரு கிளி வந்து உட்கார்ந்திருக்கு. பயப்படவே இல்ல. என்ன செய்ய?

மனிதரைக் கண்டு பயப்படாத கிளி என்றால் பெரும்பாலும் வளர்த்த கிளி. உள்ளே வரவிடுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். மீட்ட பறவை மீட்ட வீட்டிலேயே மின்விசிறியின் இறக்கையில் அடிபட்டுச் சாவது இப்படித்தான். பிறகு ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, அறையை அரையிருட்டாக்குங்கள். மெல்லிய துண்டைப் போர்த்திப் பிடிக்கலாம். மார்பை அழுத்தக் கூடாது, கிளி மூச்சுவிடுவது மார்பு விரிந்து சுருங்குவதால்தான்.

கூண்டு இல்லையென்றால் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி போதும், ஆனால் ஓர் இரவுக்குமேல் தாங்காது, கடித்துவிடும். தட்டையான கிண்ணத்தில் தண்ணீர், தினை, கம்பு, சூரியகாந்தி விதை, உப்பில்லாத சோறு கொடுக்கலாம். அவகாடோ, சாக்லேட், காபி, உப்புப் பண்டம் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் வேறு பறவை இருந்தால் தனி அறை, தனிப் பாத்திரம். சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போடுங்கள், எச்சத்தின் தூசியால் மனிதருக்கும் கிளிக்காய்ச்சல் வரும்.

8. இது என்ன இனம்னே தெரியலையே?

சமையலறைத் தராசே பாதி சொல்லிவிடும். பட்ஜி 30–40 கிராம். காக்டெயில் 80–110 கிராம், தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம். சன் கோனூர் 100–120 கிராம், மஞ்சளும் ஆரஞ்சும், கறுப்பு அலகு, காது கிழியும் குரல். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 400 கிராமுக்கு மேல், சிவப்பு வால். நம் பச்சைக்கிளி 110–140 கிராம், சிவந்த அலகு, நீண்ட வால். அதே தோற்றத்தில் பெரிய உடம்போடு தோளில் சிவப்புத் திட்டு இருந்தால் பெரிய பச்சைக்கிளி. இந்த இரண்டு பச்சைக்கிளிகளுக்கும் 16-ஆம் கேள்வியைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

9. கால்ல வளையம் இருக்கு. அதை வச்சே ஓனரைக் கண்டுபிடிச்சிடலாமா?

கண்டுபிடிக்க உதவும், நேராகக் கொண்டுபோய் விடாது. முதலில் வளையத்தில் வெட்டு இருக்கிறதா பாருங்கள். வெட்டே இல்லாத மூடிய வளையம் என்றால் குஞ்சுக்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும்போது மாட்டியது. அதன்பின் பாதம் பெரிதாகிவிடும், மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. அதனால் கூண்டில் பிறந்த பறவைக்கு அது நல்ல அடையாளம். வெட்டுள்ள வளையத்தை எந்த வயதிலும் மாட்டலாம், யாரும் மாட்டலாம்.

பொறித்திருப்பது பொதுவாக வளர்ப்பாளரின் எழுத்துகள், ஆண்டின் இரண்டு இலக்கம், வரிசை எண். எல்லா வளையங்களையும் ஒரே இடத்தில் தேடிப்பார்க்கும் பொதுப் பதிவேடு இந்தியாவில் இல்லை. எழுத்துகளைக் கடைக்காரர்களிடமும் பறவை வளர்ப்போர் குழுக்களிலும் காட்டி வளர்ப்பாளரைப் பிடிக்க வேண்டும், அவர் யாருக்கு விற்றார் என்று பார்க்க வேண்டும். குழுவில் எழுத்துகளை மட்டும் போடுங்கள், வரிசை எண்ணை மறைத்துவிடுங்கள்.

படிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் துண்டில் சுற்றிப் பிடிக்க, மற்றவர் ஈரப்பஞ்சால் அழுக்கைத் துடைத்து, தீக்குச்சியால் வளையத்தை மெல்லச் சுழற்றி, ஃபிளாஷ் இல்லாமல் நாலு பக்கமும் படமெடுக்க வேண்டும். 6-ஐ 9 என்று படித்து வேறு யாரையோ அழைப்பது அடிக்கடி நடக்கிறது. எழுத்துகள் நிமிர்ந்து நிற்கும் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டு எண்ணைப் படியுங்கள். கால் வீங்கியிருந்தால் கட்டிங் பிளேயரைத் தொடாதீர்கள். மருத்துவர் வெட்டி எடுக்கட்டும், வெட்டிய வளையத்தை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. மைக்ரோசிப் இருக்கான்னு எப்படித் தெரியும்?

வெளியிலிருந்து தெரியாது. அரிசி மணி அளவுள்ள அது, பறவைகளுக்குப் பெரும்பாலும் இடப்பக்க மார்புத் தசையில் போடப்படும். 134.2 கிலோஹெர்ட்ஸ் ஸ்கேனர் உள்ள மருத்துவமனையில் காட்டினால் 15 இலக்க எண் வரும். நாய்களுக்கு வைத்திருக்கும் அதே ஸ்கேனர்தான். நாய்க்குப் பார்ப்பதுபோல் முதுகில் மட்டும் ஓட்டிவிட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள், மார்பிலும் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

எண் கிடைத்தாலும் அதில் பெயரோ முகவரியோ இருக்காது. முதல் மூன்று இலக்கம் நாட்டையோ, 9-இல் தொடங்கினால் பெரும்பாலும் சிப் தயாரிப்பாளரையோ குறிக்கும். சிப் போட்ட மருத்துவர் யாருக்குப் போட்டார் என்ற பதிவுதான் ஆளைக் காட்டும். கிளி தன்னுடையது என்று ஒருவர் வந்து 15 இலக்கத்தையும் சரியாகச் சொன்னால் வேறு கேள்வி தேவையில்லை.

11. என்கிட்ட டிஎன்ஏ சர்டிபிகேட் இருக்கு. அது போதாதா?

கடையில் தரும் டிஎன்ஏ சான்று ஆணா பெண்ணா என்பதை மட்டுமே சொல்கிறது. அதில் இருக்கும் வளைய எண், மாதிரி அனுப்பியவர் படிவத்தில் எழுதியது. வளையத்தோடு பொருந்தினால் நல்ல ஆதாரம். வளையம் இல்லாத கிளிக்கு அந்தக் காகிதம் எதையும் நிரூபிக்காது. மறுக்க மட்டும் உதவும்: சான்றில் ஆண் என்றிருக்க, பிடித்த கிளி முட்டையிட்டால் பேச்சு முடிந்தது.

12. மூணு பேர் வந்து ‘என் கிளி’ன்னு சொல்றாங்க. யாருக்குக் குடுக்கறது?

இதற்காகத்தான் அடையாளத்தை மறைத்து வைக்கச் சொன்னோம். கிடைத்த கிளியின் படத்தைப் போடும்போது கால் தெரியாத படமாகப் போடுங்கள். உரிமை கேட்பவரிடம் நீங்கள் சொல்லாதீர்கள், அவரைச் சொல்லவிடுங்கள். ‘வலது காலில் நகம் உடைந்திருக்குமா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘காலில் ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேளுங்கள். எந்தக் கால், எந்த விரல் என்று தானாக வரவேண்டும்.

பிறகு தொலைவதற்கு முன் எடுத்த படம், வீடியோ, வாங்கிய ரசீது, மருத்துவச் சீட்டு. படத்தில் ஒப்பிட வேண்டியவை மாறாதவை: விரல் விடுபட்டது, அலகில் ஆழமான வடு, பாதத்துச் செதில்களில் நிறத் திட்டு. சிறகு உடைந்திருப்பது அடையாளமே இல்லை, அடுத்த உதிர்வில் போய்விடும். பேசும் கிளி என்றால் என்ன பேசும், யார் குரலில், எந்த மெட்டில் விசிலடிக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அவர் போனபின் இரண்டு மூன்று நாள் காதைக் கொடுத்துக் காத்திருங்கள். ஜப்பானில் நாகரேயாமா நகரில் 2008-இல் பிடிபட்ட சாம்பல் கிளி மருத்துவமனையில் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லியே வீடு சேர்ந்தது. அவ்வளவு அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. அரைகுறையாக ஒரு குழந்தையின் பெயரைச் சொன்னாலும் போதும்.

13. அவங்க காட்டற போட்டோவுல கிளி வேற மாதிரி இருக்கே?

படம் எப்போது எடுத்தது என்று கேளுங்கள். சாம்பல் கிளியின் குஞ்சுக்குக் கண் கருமையாக இருந்து, ஒரு வயதுவாக்கில் சாம்பலாகி, பிறகு மஞ்சளாகும். சன் கோனூர் சிறுவயதில் பச்சை மிகுந்திருக்கும். சாம்பல்நிறக் காக்டெயில்களில் ஆணும் பெண்ணும் சிறுவயதில் ஒன்றுபோல வால் அடியில் வரிகளோடு இருக்கும். முதல் உதிர்வுக்குப்பின் ஆணுக்கு வரி மறைந்து முகம் மஞ்சளாகும். பச்சைக்கிளி ஆணுக்குக் கழுத்து வளையம் வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஆக, ஆறு மாதக் குஞ்சின் படத்தை வைத்து நாலு வயதுக் கிளியை மறுக்கவும் கூடாது, ஏற்கவும் கூடாது. மாறாதவற்றைப் பாருங்கள், மேலே சொன்னதுதான்.

14. பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, வரல. கையைக் கடிச்சிடுச்சு. அப்போ அவங்களோடது இல்லதானே?

அப்படி முடிவு கட்டாதீர்கள். நாலு நாள் பட்டினியும் காக்கைக் கொத்தும் பட்ட கிளி சொந்தக்காரரையும் கடிக்கும். நட்பான கிளி முன்பின் தெரியாதவர் தோளிலும் ஏறும். இந்தச் சோதனை இரண்டு பக்கமும் பொய் சொல்லும். வேண்டுமானால் அவர் வீட்டில் பதிவான குரலை, கிளிக்கத்தல் இல்லாத, அவர் வழக்கமாகப் பேசும் வார்த்தைகளை மட்டும், அடுத்த அறையிலிருந்து ஒலிக்க விடுங்கள். கிளி அதே வார்த்தையால் பதில் சொன்னால் அது கணக்கில் சேரும். சும்மா திரும்பிப் பார்த்தால் சேராது.

15. ‘உங்க கிளி எங்ககிட்ட இருக்கு, வண்டி வாடகை அனுப்புங்க’ன்னு போன் வருது. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். அவர்கள் அனுப்பும் படம் உங்கள் போஸ்டரில் இருந்தே வெட்டியதாக இருக்கலாம். வீடியோ அழைப்பில் கிளியைக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் மறைத்து வைத்த அடையாளத்தின் பக்கமாக, உதாரணமாக இடது பாதத்தை, திருப்பச் சொல்லுங்கள். உண்மையாகவே வைத்திருப்பவர் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார். ‘பணம் வாங்க இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்றால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சன்மானம் தருவதாக இருந்தால் கிளி கைக்கு வந்தபின் கொடுங்கள்.

16. பச்சைக்கிளியா இருந்தா சட்டப் பிரச்சனை வருமா?

வரும். நம் நாட்டுக் கிளிகள் எதையும் வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அவை அரசுச் சொத்து. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். ‘உரிமையாளரிடம் சேர்ப்பது’ என்ற பேச்சு இந்தக் கிளிகளுக்கு இல்லை. ஜோசியக்கிளிக்கும் இதுவே சட்டம். நீங்களாகவே பறக்கவிடவும் வேண்டாம். குஞ்சிலிருந்து கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, வனத்துறை மீட்பு மையத்தில் பழக்கித்தான் விடவேண்டும். மஞ்சள், நீல நிறங்களில் வரும் ரிங்நெக் கிளியும் இதே பச்சைக்கிளி இனம்தான். நிறம் மாறியதால் இனம் மாறாது, வனத்துறையிடம் கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

வெளிநாட்டுக் கிளிகள் வேறு கணக்கு. சாம்பல் கிளி, மக்காவ், சன் கோனூர் போன்ற சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியல் இனங்களை 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிவுச் சான்றில் கிளியின் வளையமோ சிப்போ இருந்தால் உரிமைக்கு அதைவிட நல்ல காகிதம் இல்லை. பட்ஜி, காக்டெயில், பீச் முக லவ் பேர்ட் ஆகியவை அந்தச் சைட்டிஸ் பட்டியலில் சேராதவை.

17. கண்டெடுத்தவர் ‘நான்தானே பிடிச்சேன், என்னோடது’ங்கறார். என்ன செய்ய?

பிடித்தவருக்கு உரிமை வந்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 71-இன்படி அவர் பொருளைப் பாதுகாத்து வைத்திருப்பவர் மட்டுமே. தீனிக்கும் மருத்துவத்துக்கும் செலவழித்திருந்தால் அது தரும்வரை கிளியை நிறுத்திவைக்க பிரிவு 168 அவருக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே முதலில் அந்தச் செலவைக் கொடுப்பதாகச் சொல்லிப் பேசிப்பாருங்கள், பெரும்பாலும் பிரச்சனை அங்கேயே முடியும். உரிமையாளர் யாரென்று தெரிந்தும் தராவிட்டால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 314-இல் (பிறர் பொருளை நேர்மையின்றிக் கையாடுவது) வரும். தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருந்தால் இந்த இடத்தில் கை கொடுக்கும்.

18. திரும்பக் கிடைச்சிடுச்சு. பழைய கூண்டுல ஜோடியோட விட்டுடலாமா?

30 நாள் தனியாக வையுங்கள். 7-இல் சொன்ன தனி அறை, தனிப் பாத்திரம் இங்கேயும் பொருந்தும். முதல் வாரம் தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பாருங்கள். எடை ஏறாமல் நின்றாலோ, மருத்துவரிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எடையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலோ எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும்.

அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே, தொலையும்போது கையில் இல்லாமல் போனதை எல்லாம் சேர்த்துவிடுங்கள்: வளையத்தின் நாலு பக்கப் படம், இரண்டு பாதங்களின் மேலும் கீழும், அலகு இரு பக்கமும், சிறகை விரித்து ஒன்று, வாலின் அடி ஒன்று, பேசும்போது இரண்டு நிமிட வீடியோ. 13-இல் சொன்ன காரணத்துக்காக, இளங்கிளி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எடுங்கள். பாதத்தைப் படமெடுக்கக் கிளியைப் பிடிக்கத் தேவையில்லை. கூண்டின் கம்பியில் ஏறித் தொங்கும்போது வெளியிலிருந்து எடுத்தால் பத்து விநாடி வேலை.